எலிக்கு வைத்தது நாய்க்கு: கொழும்பு வளவுகளில் நாம் விடும் பிழைகள்

எங்கள் நாய் எலி மருந்தைத் தின்னவே இல்லை. மருந்து தின்ற எலியைத்தான் தின்றது. அந்த மருந்தும் எங்கள் வளவில் வைத்தது இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ வைத்தது. மூன்று நாள் வழமைபோல வாலாட்டிக்கொண்டு திரிந்தவன் நான்காம் நாள் காலையில் எழும்பவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் முரசு வெளிறிக் கிடந்தது. மிருக வைத்தியர் ஊசி போட்டு, பிறகு ஒரு மாதம் விற்றமின் கே1 குளிசை கொடுக்கச் சொல்லி ஆளை மீட்டெடுத்தார். மூன்று நாளும் அவன் நன்றாக இருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் என்னுடைய முதல் பிழை.

அந்த மூன்று நாளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. கடையில் நீலம், பச்சை, சிவப்பு நிறத்தில் கட்டிகளாகவோ மணிகளாகவோ விற்கும் மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது புரோடிஃபாகம், புரோமாடியலோன் போன்ற இரத்தம் உறையவிடாத நஞ்சு. இரத்தம் உறைவதற்கு உடம்பு விற்றமின் கே-யைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. அந்தச் சுற்றை இது அறுத்துவிடும். ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் உறைபொருட்கள் தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. அவை தீர்ந்த பிறகுதான், அதாவது மூன்று முதல் ஐந்து நாள் கழித்து, உள்ளே இரத்தம் கசியத் தொடங்கும். சோர்வு, இருமல், மூச்சிளைப்பு, கறுப்பு மலம், மூக்கில் இரத்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். "நேற்றுத் தின்றான், இன்றைக்கு ஓடி விளையாடுகிறான், ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடுகிறோமே, அந்த நாளில்தான் மருத்துவம் மிகவும் சுலபம். எலிக்கும் இதே கதைதான். மருந்து தின்ற எலி உடனே சாகாமல் இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலியைப் பிடிக்க எந்தச் சோம்பேறிப் பூனைக்கும் முடியும்.

இன்னொரு வகை, சாம்பல் கறுப்பில் உள்ளிமணம் அடிக்கும் தூள். சிங்க் பொஸ்பைட். தேங்காய்ப்பூவிலோ கருவாட்டிலோ பிரட்டி வைப்பார்கள். வயிற்று அமிலம் பட்டதும் பொஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். இது நாட்கணக்கில் காத்திருக்காது, மணிக்கணக்கில் வேலையைக் காட்டும். இதைத் தின்ற நாய்க்குப் பாலும் சோறும் ஊட்டினால் அமிலம் இன்னும் சுரந்து வாயுவும் கூடும். நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு பக்கத்தில் இருக்கும் மனிதர்களையும் பாதிக்கும். வாகனத்தில் கொண்டுபோனால் ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை முழுதாக இறக்கிவிடுங்கள்.

எந்த மருந்து என்று தெரியாமல் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்ய முடியாது. அதனால்தான் நடைபாதையில் கடதாசியில் சுருட்டிக் கொடுக்கும் பெயரில்லாத பொட்டலத்தை நான் ஆகப் பெரிய பிழை என்கிறேன். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி எலி மருந்தும் பதிவு செய்யப்பட்டுத்தான் விற்கப்பட வேண்டும். பதிவான பொருளின் பெட்டியில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும். அந்தப் பெட்டியை எறியாமல் வையுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

சரி, தின்றுவிட்டது தெரிந்துவிட்டது, என்ன செய்வது? உப்புக் கரைத்துப் பருக்க வேண்டாம். வாந்தி வருகிறதோ இல்லையோ, உப்பே நாயைக் கொன்றுவிடக்கூடும். பச்சை முட்டை, பால், தேங்காயெண்ணெய், புளிக்கரைசல் எதுவும் இதற்கு முறிவு இல்லை. வாந்தி எடுக்கவைப்பதானால் அதை வைத்தியர்தான் செய்ய வேண்டும், அதுவும் தின்ற முதல் சில மணி நேரத்துக்குள். வீட்டில் கைமருந்து செய்து ஒரு மணி நேரத்தைத் தொலைப்பதைவிடத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே வீட்டைவிட்டுப் புறப்படுவது மேல். கே1 குளிசை கொடுக்கச் சொன்னால், நாய் தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. புதிய தலைமுறை நஞ்சுகள் ஈரலில் வாரக்கணக்கில் தங்கும்.

"நாங்கள் மருந்து வைப்பதில்லை, இயற்கை முறைதான்" என்பவர்களும் சும்மா இல்லை. அந்துருண்டையைப் பொந்துக்குள் போடுகிறார்கள். எலி அதைத் தள்ளிவிட்டுப் போகும், நாய்க்குட்டி உருட்டி விளையாடி விழுங்கும். அந்துருண்டையில் இருக்கும் நஃப்தலீன் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. புதினா எண்ணெய், யூக்கலிப்டஸ் எண்ணெய் தெளிப்பதும் பூனை வீட்டுக்கு ஆகாது. காலில் பட்டதைப் பூனை நக்கும், அந்த எண்ணெய்களைக் கழிக்கும் திறன் அதன் ஈரலுக்குக் குறைவு. பினைலும் அப்படித்தான். சோற்றில் பனடோல் பொடித்து வைக்கும் வழக்கம் ஒன்றும் இருக்கிறது. பூனைக்கு ஒரே ஒரு குளிசை போதும், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய்விடும். மாவில் சீமெந்து கலந்து வைப்பது எலிக்கும் கொடுமை, தின்கிற எதற்கும் கொடுமை. சுவரில் செருகும் 'மீயொலி' கருவிக்குக் காசு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு வாரத்தில் எலி அதன் மேலே ஏறி நடந்தது.

பசை அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் எலியைவிட ஓணானும் பல்லியும் அணில் குஞ்சும்தான் அகப்படுகின்றன. பூனைக்குட்டி ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம், தோல் உரிந்துவிடும். சமையல் எண்ணெயைத் தடவித் தடவிக் கழற்றி, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இதற்கிடையில், நீங்கள் துரத்துவது எலிதானா என்றும் பாருங்கள். கூர்மூக்கோடு கீச்சிட்டுக்கொண்டு சுவரோரம் ஓடி, ஒரு நாற்றத்தை விட்டுச் செல்வது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, கரப்பானையும் பூச்சியையும் தின்று வாழ்வது. அடுத்த வீட்டுச் சிங்களவர் 'ஹிக் மீயா' என்று இதைத்தான் சொல்வார். விட்டுவிடலாம். கூரையில் ஓடித் தேங்காயைத் துளைப்பது கறுப்பெலி. கானோரம் வளை தோண்டுவது பழுப்பெலி. முற்றத்தில் பெரிய மண்குவியல் போட்டால் பெருச்சாளி. சிங்களத்தில் அதற்கு 'ஊரு மீயா', பன்றி எலி. தெலுங்கின் 'பந்திகொக்கு'வும் பன்றி எலியே. ஆங்கிலேயர் அதைத்தான் 'பண்டிகூட்' ஆக்கினார்கள். பார்த்த எல்லோருக்கும் பன்றியே நினைவுக்கு வந்திருக்கிறது.

நம் நாய் பூனையை நினைத்து மருந்தை விட்டால் இன்னும் சிலவும் தப்பும். கொழும்பு சாதாரண நகரம் இல்லை. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரங்களாக அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் இதுவும் ஒன்று. இங்கே சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது, இரவில் கால்வாய் வழியே வந்து வளவுகளுக்குள்ளும் இறங்குகிறது. அதுவும் கூகையும் சாரைப்பாம்பும் எலி தின்பவை. நஞ்சேறிய எலி அவற்றின் வயிற்றுக்குள்ளும் போகும். சாரையைக் கண்டால் கம்பெடுக்கிற வழக்கத்தை மட்டும் கைவிட்டாலே ஆண்டு முழுவதும் சம்பளமில்லாத ஒரு வேலையாள் கிடைத்த மாதிரி.

பூனை பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது அடுத்த பிழை. நியூயோர்க்கில் குப்பைப் பதப்படுத்தும் நிலையம் ஒன்றில் தெருப்பூனைகளையும் எலிகளையும் 79 நாள் கமராவில் பார்த்து 2018இல் ஆய்வு வெளியிட்டார்கள். அவ்வளவு நாளிலும் பூனைகள் கொன்றது இரண்டே இரண்டு எலி. சுண்டெலி என்றால் சரி, வளர்ந்த பழுப்பெலியோடு மோதப் பூனை விரும்புவதில்லை. மோதினால் கடி வாங்கும், கடித்த இடம் சீழ் கட்டும். பூனை இருக்கிறது என்று எலி ஒதுங்கிப் போவதைப் பார்த்து, எலி இல்லை என்று நாம் நினைக்கிறோம்.

எலி எதற்கு வருகிறது? என் வீட்டில் அது வந்தது நாயின் சாப்பாட்டுக்கு. இரவு பத்து மணிக்கு மீதிச் சோற்றோடு கோப்பை முற்றத்தில் கிடக்கும். அந்தக் கோப்பைதான் எலியின் விருந்து மண்டபம். செல்லப்பிராணிக்காக எலியோடு மல்லுக்கட்டும் நாமே செல்லப்பிராணியின் பெயரில் எலிக்குச் சோறு போடுகிறோம். வைத்து அரை மணி நேரத்தில் கோப்பையை எடுங்கள், தண்ணீர்ச் சட்டியை இரவில் உள்ளே வையுங்கள். உலர் தீனியைப் பொலித்தீன் பையோடு குசினி மூலையில் விடாமல் இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணிக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் வாளியை எலி ஒரே இரவில் அரித்துவிடும்.

காகத்துக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன். என் அம்மா என்னைச் சும்மா விடமாட்டா. ஆனால் மதில்மேல் வாழையிலையில் வைத்தது பின்னேரம்வரை கிடக்க வேண்டியதில்லை. காகம் தின்ற பிறகு மீதியை எடுத்துவிடலாம். விழுந்த ஜம்பு, மாம்பழம், பாதி துருவிய தேங்காய்ச் சிரட்டை எல்லாம் இதே கணக்கு. குப்பை லொறி காலையில் வருகிறது என்று முதல்நாள் இரவே பையைக் கேற்றடியில் வைப்பதும் அப்படித்தான். தென்னை இருந்தால் ஊரில் செய்வதுபோல மரத்தைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குத் தகரம் அடியுங்கள். ஓலை கூரையிலோ பக்கத்து மரத்திலோ முட்டாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும். பெருவிரல் அகல இடைவெளி இருந்தால் போதும், எலி உள்ளே வந்துவிடும். கான் துவாரத்துக்கும் கூரை ஓரத்துக்கும் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை அடிக்க வேண்டும். வலை அடிக்காமல் மருந்து மட்டும் வைப்பவர் மாதாமாதம் மருந்து வாங்குவார். ஒரு பெட்டை எலி மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கருவைச் சுமந்து குட்டி போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாய்களாகும்.

இதற்குப் பிறகும் எலி இருந்தால், பொறி. அடிக்கும் பொறியைத் திறந்த வெளியில் வைத்தால் முதலில் மாட்டுவது நாயின் மூக்கு. பழைய மரப்பெட்டியில் எலி மட்டும் நுழையும் அளவுக்கு இரண்டு துளை போட்டு, பொறியை உள்ளே வைத்து, மூடியில் ஒரு கல்லை ஏற்றுங்கள். எலி சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடும், அதனால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கருவாடு வைத்தால் தெருவில் உள்ள பூனையெல்லாம் வந்துவிடும். சுட்ட தேங்காய்ச் சொட்டு போதும். புதுப் பொருளைக் கண்டால் எலிக்கு ஐயம் வரும், ஆகவே நாலைந்து நாள் பொறியை ஏற்றாமல் தீனி மட்டும் வையுங்கள், தின்று பழகட்டும். பொழுதுபட்ட பிறகு ஏற்றி விடியுமுன் இறக்கிவிட்டால் அணில் தப்பும். கூட்டுப்பொறியில் உயிரோடு பிடித்துக் கால்வாயின் அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவது, என் பார்வையில், புண்ணியம் இல்லை. அது அந்தப் பக்கத்தாருடைய எலி ஆகிறது, அவ்வளவுதான்.

செத்த எலியை வெறுங்கையால் தூக்க வேண்டாம், நாயைக் கிட்ட விடவும் வேண்டாம். உடல் குளிர்ந்ததும் அதில் இருந்த தெள்ளு வேறு சூடான உடம்பைத் தேடும். 1914இல் கொழும்புக்கு வந்த பிளேக் எலித்தெள்ளால் பரவியது. இன்றைக்கு அந்தப் பயம் இல்லை. இன்றைய பயம் எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ். 2008இல் நாட்டில் 7000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் ஐயத்தில் பதிவானார்கள். எலியின் சிறுநீரில் வரும் அந்தக் கிருமி ஈரமண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் ஒரு கீறல் போதும், நமக்கும் வரும், நாய்க்கும் வரும். மழைத்தண்ணீர் தேங்கிய முற்றத்தில் நாய் நக்கிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு, இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று என்று பலர் இருந்துவிடுகிறார்கள், அது வேறு இது வேறு. எலி எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காமல், குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து நனைத்து, கையுறையோடு துடையுங்கள். துடைத்த இடம் காயும்வரை பூனை உள்ளேயே இருக்கட்டும். முற்றத்தில் வேலை செய்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், எலி இருக்கிற வளவு என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாகப் பொந்து. மழை தொடங்கினால் வளைக்குள் தண்ணீர் போகும், எலி வீட்டுக்குள் வரும். அதனால் அதற்கு முன்னமே பொந்துகளைப் பார்ப்பது நல்லது. கையை விடாதீர்கள், நாயைத் தோண்டவும் விடாதீர்கள். எலி விட்டுப்போன வளையில் நாகம் குடியிருக்கலாம். பழைய கடதாசியைக் கசக்கி ஒரு தடியால் வாயில் தள்ளிவிட்டுக் காலையில் வந்து பாருங்கள். வெளியே கிடந்தால் ஆள் இருக்கிறது, பொறி அங்கேதான். மூன்று நாள் அசையாமல் இருந்தால் உடைந்த ஓட்டுத் துண்டும் மண்ணும் போட்டு இடித்து மூடிவிடலாம். அப்படியே அடுத்த வளவுக்காரரையும் கூப்பிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.