எச்-5 குறியீடு 4லிருந்து 7 ஆன கதை

கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே ஒரு சமூக அறிவியல் ஆய்விதழுக்கு மேற்கோள் கணக்கு எடுத்துக் கொடுக்கிறேன். ஆண்டறிக்கைக்கு எச்-5 குறியீடு கேட்டார்கள்; கடந்த 5 ஆண்டில் வந்த கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் பெற்றன என்று காட்டும் எண் அது. ஆய்விதழ்களுக்கு அந்த எண்ணைப் பட்டியலிடும் கூகுள் ஸ்காலர் மெட்ரிக்ஸில் இதழின் பெயரே இல்லை. எங்கள் தளத்தில்தான் கோளாறு என்று இரண்டு நாள் பிடிஎஃப்களை நோண்டினேன். வீண். 5 ஆண்டில் 100 கட்டுரைக்குக் குறைவாக வெளியிடும் இதழ்களை அதில் சேர்ப்பதில்லை. எங்களுடையது ஆண்டுக்கு 2 இதழ், இதழுக்கு 8 கட்டுரை. மொத்தம் 80தான்.

சரி, நாமே பார்ப்போம் என்று மேற்கோள்களைத் திரட்டிக் கணக்கிடும் பப்ளிஷ் ஆர் பெரிஷ் மென்பொருளில் தேடினேன். 4 வந்தது. அது குறைவு என்று உறுதியாகத் தெரிந்தது. சிற்றூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புக் கூலி பற்றிய கட்டுரையை மட்டும் தனியாகத் தேடினேன். இரண்டு பதிவுகள்! இதழின் ஆங்கிலப் பெயரின் நடுவில் வரும் ‘அண்ட்’ ஒன்றில் எழுத்தாக, இன்னொன்றில் ‘&’ குறியாக. மேற்கோள்கள் 5, 4 எனப் பிரிந்து கிடந்தன.

இரண்டு எழுத்துமுறையிலும் தேடி, இரட்டைப் பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்று இழுத்துப்போட்டு இணைத்தேன். 7 ஆனது. அதாவது, 7 கட்டுரைகளுக்குக் குறைந்தது தலா 7 மேற்கோள். அப்பாடா!

அடுத்த இதழிலிருந்து எல்லாக் கட்டுரையின் முதல் பக்கத்திலும் ‘அண்ட்’ எழுத்தாகவே வரும்.