டீச்சரின் மச்சம்: பழைய டிவி நிகழ்ச்சியை மீட்கும்போது செய்யக் கூடாதவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய கேசட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலையை ஒரு பொழுதுபோக்காகத்தான் தொடங்கினேன். போன வருடம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். எண்பதுகளில், கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு டிவி நாடகத்தில் ஒரே ஒரு எபிசோடு நடித்திருக்கிறார். வீட்டில் பதிவு செய்த விஎச்எஸ் கேசட்டில் பாதிக்கு மேல் சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணம் ஏறிவிட்டது. மிஞ்சியது 11 நிமிடம். ஆனால் அவருடைய அப்பா டிவிக்கு முன்னால் டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) வைத்து மொத்த எபிசோடையும் ஆடியோ கேசட்டில் பிடித்திருந்தார். ஆக, படம் பாதி, சத்தம் கிட்டத்தட்ட முழுசு.

லண்டனிலும் இதே கதைதான். டேப் விலை அதிகம், மறுஒளிபரப்புக்கு வாய்ப்பில்லை என்று பிபிசி பழைய டேப்புகளை அழித்து அதிலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது. ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களின் எபிசோடுகளில் தொண்ணூறுக்கு மேல் படம் இல்லாமல் போனது அப்படித்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் சத்தம் இருக்கிறது. ரசிகர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தது. அந்தச் சத்தத்தோடு அனிமேஷன் சேர்த்து, காணாமல் போன இரண்டு எபிசோடுகள் முதன்முதலாக 2006ல் வெளிவந்தன. இன்றைக்கு ஏஐ கருவிகள் வந்த பிறகு இந்த வேலையை லேப்டாப் வைத்திருக்கும் யாரும் செய்யலாம். கெடுக்கவும் செய்யலாம். நான் கெடுத்திருக்கிறேன்.

முதல் தவறு, தேடாமலேயே உருவாக்க உட்காருவது. கேசட்டின் மேல் ‘கல்யாணம்’ என்று எழுதியிருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். மூன்று மணி நேரக் கேசட்டில் கல்யாணம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தால், அப்புறம் இருப்பது அதற்கு முன் பதிந்தது. கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். 2013ல் ‘டாக்டர் ஹூ’வின் ஒன்பது எபிசோடுகள் நைஜீரியாவில் கிடைத்தன. அசல் கிடைத்துவிட்டால் அனிமேஷன் எதற்கு?

அடுத்தது நம் ஊர்ப் பிரச்சினை. தானே, ஃபெஞ்சல் என்று புயல் பார்த்த வீடுகளின் பீரோவில், கடற்காற்றில் இருந்த கேசட் அது. கேசட்டின் மேலிருக்கும் கண்ணாடி போன்ற ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே விசிஆரில் போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும்; அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். முதலில் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். இன்னொன்று, கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் எதுவும் பதியாது. ஐந்து விநாடி வேலை.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நேரே சின்ன எம்பி4 ஆக்கிவிடுவது பரவலான தவறு. சுருக்காத பதிவு மணிக்கு 70 ஜிபிக்கு மேல் பிடிக்கும், பிடிக்கட்டும். ஏஐக்குக் கொடுப்பது எப்போதும் அதன் நகலைத்தான். நாலுக்கு மூன்று படத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுத்து எல்லோரையும் குண்டாக்காதீர்கள். நம் டிவி விநாடிக்கு 25 படம் என்றாலும் ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக, ஆக 50 பாதிகளாக வரும். ஸ்டுடியோவில் வீடியோ கேமராவில் எடுத்த நாடகத்தில் அந்த ஐம்பதும் வெவ்வேறு கணங்கள். மாற்றும்போது 25 ஆக்கினால் அசைவு பாதி போய்விடும். 50 ஆகவே வையுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். டீச்சர் கொண்டுவந்த ஆடியோ கேசட்டில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் விடாமல் கேட்டது. யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் நீக்கத் தோன்றும். நீக்காதீர்கள், அதுதான் நமக்குக் கிடைத்த அளவுகோல். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அதிர்கிறது. கரண்டில் ஓடிய டூ-இன்-ஒன் அந்த அதிர்வையும் சேர்த்தே பதிந்திருக்கிறது. ஒலியின் அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் மென்பொருளில் பார்த்தேன், அந்த இரைச்சலின் கோடு 48.5ல் இருந்தது. அதாவது சத்தம் மூன்று சதவீதம் மெதுவாக ஓடுகிறது. 25 நிமிட எபிசோடில் அது முக்கால் நிமிடம். பல்லவியைத் தப்பான சுருதியில் எடுத்த பாடகர் மாதிரி எல்லோர் குரலும் கொஞ்சம் கனத்திருந்தது. கோட்டை ஐம்பதுக்கு ஏற்றியதும் குரல்கள் சரியாகின. 11 நிமிடப் படத்தோடு உதடும் ஒட்டியது. இரைச்சலை நீக்கியது அதற்குப் பிறகுதான்.

இனி என் தவறு. அந்த 11 நிமிடத்தை ஏஐ மென்பொருளில் போட்டு 4கே ஆக்கினேன். பளபளவென்று வந்தது. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது நான் இல்லையே.”

அவர் மேலுதட்டுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் உண்டு. டேப்பில் இருக்கும் வெள்ளை, கறுப்புப் புள்ளிகளைத் துடைக்கும் வசதியை முழுசாகத் திறந்து வைத்திருந்தேன். மச்சத்தையும் தூசி என்று நினைத்து அது துடைத்துவிட்டது. கண்ணும் அவர் கண் இல்லை. விஎச்எஸ்ஸில் ஒரு முகத்தின் அகலத்துக்குச் சில டஜன் புள்ளிகள்தான் கிடைக்கும். அதற்கு மேல் காட்டுவதெல்லாம் அந்த மென்பொருள் எங்கோ பார்த்த யாருடைய முகமோ. இரட்டிப்பு அளவோடு நிறுத்தியிருந்தால் மங்கலாக இருந்தாலும் அவராக இருந்திருப்பார்.

கலர் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2008ல் ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற தொடரின் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதிக்கு அசல் வண்ணமே திரும்ப வந்தது. கலர் சிக்னலின் நுண்புள்ளிகள் அந்த ஃபிலிமில் பதிந்து கிடந்தன, அவற்றிலிருந்து எடுத்தார்கள். அது மீட்பு. ஏஐயிடம் கறுப்பு வெள்ளைப் புடவையைக் கொடுத்து நிறம் கேட்பது குறி கேட்பது.

பெரிய தவறு, இல்லாத இடத்தை இருப்பதுபோலக் காட்டுவது. படம் இல்லாத 14 நிமிடத்துக்கு வீடியோ உருவாக்கும் ஏஐயையும் முயன்று பார்த்தேன். கதை புதுச்சேரித் தெரு ஒன்றில் நடக்கிறது. ‘புதுச்சேரி, 1980கள்’ என்று கேட்டால், நேராக பாரிஸுக்கே கூட்டிப்போய்விட்டது. திண்ணை இல்லை, கோலம் இல்லை. சரி, நன்றாகவே வந்திருந்தாலும் எது அசல், எது நான் சேர்த்தது என்று பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இதற்கு நம்மிடம் பழைய முறை உண்டு. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. 1904ல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் கிடைத்த எட்டைத்தான் அச்சிட்டார். அவருக்கு எழுதத் தெரியாதா? ஏடு சிதைந்த இடத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போவது பதிப்பாசிரியர்களின் வழக்கம். வீடியோவில் அந்தப் புள்ளிக்குப் பதில் ஒரு ஸ்டில், கீழே வசனம், மூலையில் ‘ஒலி மட்டும்’ என்ற எழுத்து. அனிமேஷன் செய்தாலும் அந்த எழுத்து இருக்கட்டும்.

குரலை நகலெடுக்கும் ஏஐயை, நடித்தவரோ குடும்பத்தாரோ சம்மதிக்காமல் தொடவே வேண்டாம். வீட்டில் மீட்பது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. இந்தியச் சட்டப்படி நடித்தவர்களின் உரிமை 50 வருடம், படத்தின் உரிமை வெளியானதிலிருந்து 60 வருடம். எண்பதுகளின் நாடகம் இன்னும் யாருடையதோதான்.

டீச்சருடைய எபிசோடில் கேசட் பக்கம் திருப்பிய இடத்தில் நாற்பது விநாடி சத்தமும் இல்லை. அந்த வசனம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். மொபைலை மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். மூன்று வரி சொன்னார், நாலாவது வரவில்லை, சிரித்துவிட்டார். கறுப்புத் திரையில் தேதி போட்டு அந்தச் சிரிப்போடு அப்படியே சேர்த்திருக்கிறேன். மச்சத்தையும் பழைய பதிவிலிருந்து திரும்பக் கொண்டுவந்தாயிற்று.