கேரட்டுக்குப் பயந்தேன், கரண்டியை மறந்தேன்: கீட்டோவில் கிழங்குக் காய்களும் நட் பட்டரும்

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கிய முதல் மாதம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கேரட்டுக்கு இடமில்லை. "மண்ணுக்குள்ள விளையுற எதையும் தொடாதே" என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பீட்ரூட்டையும் துரத்தினேன். கொடியில் காய்க்கும் மஞ்சள் பூசணியும் ஏனோ அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. அதே மாதம், இரவு ஒன்பது மணிக்கு மேல் பீநட் பட்டர் (நிலக்கடலையை அரைத்த விழுது) ஜாரைத் திறந்து கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தேன். கொழுப்புதானே, கீட்டோதானே என்ற தைரியம்.

எடை அசையவில்லை. ஒருநாள் அந்தக் கரண்டியைத் தராசில் வைத்தேன். குவித்து எடுத்த ஒரு கரண்டி 38 கிராம். அதில் நார்ச்சத்து போக ஏறக்குறைய 6 கிராம் கார்ப், அதாவது மாவுச்சத்து. நான் பயந்து ஒதுக்கிய கேரட்டை 90 கிராம் சாப்பிட்டிருந்தாலும் இவ்வளவுதான் வந்திருக்கும். ஆக, காயைத் துரத்த வேண்டாம், பட்டரை ஒதுக்கவும் வேண்டாம். இரண்டையும் அளக்க வேண்டும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் கீட்டோவில் இறங்க வேண்டாம். முக்கியமாக, பெயர் 'ஃப்ளோசின்' என்று முடியும் சர்க்கரை மாத்திரைகளோடு கீட்டோ சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உடலில் உருவாகும் அமிலப்பொருள்) ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

1. முதலில் நாளைக்கான வரம்பு

கீட்டோவில் பெரும்பாலோர் நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் கார்புக்குள் நிற்பார்கள். நான் 30 வைத்துக்கொள்கிறேன். அதில் பாதி, கேட்காமலே போய்விடும். ஒரு தக்காளி, அரை வெங்காயம், ஒரு கை தேங்காய்த்துருவல், ஒரு கிண்ணம் தயிர், கொஞ்சம் புளி, இஞ்சி பூண்டு. இவை இல்லாமல் நம் வீட்டில் அடுப்பு எரியாது. இதற்கு 15 கிராம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். மீதி 15தான் கையில் இருக்கும் காசு. கேரட்டும் பட்டரும் அதற்குள் அடங்க வேண்டும்.

2. காயின் விலைப்பட்டியல்

தோலும் காம்பும் நீக்கிய பச்சைக் காய் 100 கிராமுக்கு, நார்ச்சத்தைக் கழித்தபின் கார்ப், தோராயமாக:

கத்தரிக்காய், காலிஃபிளவர், முட்டைகோஸ்: 3
வெண்டைக்காய், பீன்ஸ்: 4
மஞ்சள் பூசணி: 6
கேரட், பீட்ரூட்: 7
பெரிய வெங்காயம்: 7 முதல் 8
பச்சைப் பட்டாணி: 9
சின்ன வெங்காயம்: 13
உருளைக்கிழங்கு: 15
சர்க்கரைவள்ளி: 17
மரவள்ளி: 36

கடைசி மூன்றோடு எனக்கு வழக்கே இல்லை, அவை வேண்டாம். ஆனால் சின்ன வெங்காயத்தைப் பாருங்கள். கேரட்டைப்போல இரு மடங்கு! வத்தக்குழம்புக்கு உரித்த பத்து வெங்காயத்தை எடை போட்டேன், 70 கிராம். கார்ப் 9 கிராம். இத்தனை நாள் கேரட்டைத் திட்டியபடியே அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன்.

வேறு அட்டவணை பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் கார்ப் எண்ணிலிருந்து நார்ச்சத்தை ஏற்கெனவே கழித்துவிட்டார்கள். அமெரிக்க அட்டவணையில் கழிக்கவில்லை. முன்னதில் நீங்கள் மறுபடியும் கழித்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

3. ஒரே வாணலி, தனிக் கணக்கு

உங்களுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. நாலு பேருக்கான கேரட் பீன்ஸ் பொரியலை வைத்தே சொல்கிறேன்.

நறுக்கிய கேரட் 300 கிராம், பீன்ஸ் 100 கிராம். வெந்தபின் இந்த எடை மாறிவிடும், அதனால் பச்சையாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். வழக்கம்போல் கடுகு, உளுத்தம்பருப்பு (அரை ஸ்பூனோடு நிறுத்துங்கள்), மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, காயைப் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி வேகவிடுங்கள். தேங்காயைத் தாராளமாகத் தூவலாம், 15 கிராம் துருவலில் 1 கிராம் கார்ப்தான்.

இறக்கியதும், காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பொரியலை அதில் கொட்டுங்கள். எனக்கு 340 கிராம் வந்தது. நாலில் ஒரு பங்கு 85 கிராம். என் தட்டில் அது விழுந்தால் 75 கிராம் கேரட்டும் 25 கிராம் பீன்ஸும் எனக்கு வந்துவிட்டன என்று அர்த்தம். தேங்காயோடு சேர்த்து ஏழு கிராம் கார்ப். மற்றவர்கள் வழக்கம்போல் சாப்பிடட்டும்.

பீட்ரூட்டும் இதே கணக்கில் வரும். மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதறாதீர்கள், சிலருக்கு பீட்ரூட் அப்படித்தான்.

4. எந்த பட்டர்?

ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் 16 கிராம், மேலே வழித்துச் சமப்படுத்தியது. நார்ச்சத்து போக பாதாம் பட்டரில் ஒன்றரை கிராம் கார்ப், பீநட் பட்டரில் இரண்டரை, முந்திரி பட்டரில் நான்கு. முந்திரி ருசியில் ராஜா, கீட்டோவில் கடன்காரன். நிலக்கடலை உண்மையில் பாதாம், முந்திரி மாதிரி கொட்டை அல்ல, பயறு வகை. தானியமும் பயறும் ஒதுக்கும் நம்மூர் பேலியோக்காரர்கள் அதனால்தான் அதைத் தொடுவதில்லை. கீட்டோவில் அந்தத் தடை கிடையாது, கணக்கு மட்டும்தான்.

கடையில் வாங்கினால் ஜாரின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் கடலையும் உப்பும் போதும். சர்க்கரை, வெல்லம், தேன், மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுப்பொருளிலிருந்து எடுக்கும் ஒரு கார்ப் தூள்), இதில் எது இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டுப்போனது அல்ல, நல்ல அறிகுறி.

5. வீட்டிலேயே பாதாம் பட்டர்

இதில்தான் பலர் பாதியில் கைவிடுகிறார்கள், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். 250 கிராம் பாதாமை அடிகனமான வாணலியில் சிறு தீயில் வறுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒன்றை இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளை மாறி இளம் பழுப்பாக இருக்க வேண்டும். கைபொறுக்கும் சூட்டில் மிக்ஸி ஜாரில் போடுங்கள்.

முதலில் ரவை போல இருக்கும். அப்புறம் மாவு. அடுத்து ஜாரின் சுவரில் அப்பிக்கொண்டு, பிளேடு சும்மா சுற்றும். "இது ஆகாது" என்று நான் இரண்டு முறை நிறுத்தியது இந்த இடத்தில்தான். நிறுத்தாதீர்கள். வழித்துவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, மறுபடியும் ஓட்டுங்கள். மிக்ஸி சூடேறி வாசனை வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். திடீரென்று மாவு உருண்டையாகத் திரளும், அடுத்த சுற்றில் எண்ணெய் கக்கிப் பளபளவென்று தளர்ந்துவிடும். மொத்தம் இருபது நிமிடம். உப்பு ஒரு சிட்டிகை. தண்ணீர் மட்டும் ஒரு சொட்டும் கூடாது, பட்டர் இறுகி சீக்கிரம் கெட்டுவிடும். பாதாமை ஊறவைத்திருந்தால் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே வறுக்க வேண்டும்.

நிலக்கடலையிலும் இதே வழிதான், இன்னும் சீக்கிரம் முடியும். வறுத்துத் தேய்த்து தோலை ஊதிவிடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது கண்ணில் பட்டால் பொறுக்கி எறியுங்கள்.

6. ஸ்பூனால் நக்காமல் எங்கே சேர்ப்பது?

குருமாவுக்கு முந்திரி விழுதுக்குப் பதிலாக ஒரு ஸ்பூன் பாதாம் பட்டர். வெந்நீரில் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். காலிஃபிளவர் குருமாவில் இது வந்தால் முந்திரியை யாரும் தேட மாட்டார்கள். பீநட் பட்டரை எலுமிச்சைச் சாறு, மிளகாய்த்தூள், உப்போடு குழைத்து வெள்ளரிக்காய்த் துண்டுகளுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

இரவு ஒன்பது மணி ஆசாமிகளுக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு, ஒரு ஏற்பாடு. பட்டர் தயாரானதும் ஜாரில் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஐஸ் ட்ரேயைத் தராசில் வைத்து, குழிக்கு 16 கிராமாக நிரப்பி ஃப்ரீசரில் தள்ளிவிடுங்கள். 250 கிராம் பாதாமுக்குப் பதினைந்து கட்டி வரும். ராத்திரி ஒன்றை எடுத்தால், இளகும்வரை பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு மறுபடி எழுந்துபோய்க் காத்திருக்க எனக்குச் சோம்பல்.