ஐடிபி போடுகிறவர்கள் டைனோவுக்கு ஓடும் முன்

பழைய புரோட்டான் சத்ரியா ஜிடிஐயோ, டொயோட்டாவின் 4ஏ-ஜிஈ 16 வால்வு இன்ஜின் இறக்கிய சின்னக் காரோ வைத்திருக்கும் பையன்கள், கேம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு) மாற்றிய கையோடு அடுத்துக் கேட்பது ஐடிபிதான். சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில், அதாவது காற்றை விடும் கதவு; பானெட்டைத் தூக்கினால் நான்கு ஊதுகுழல், மிதித்தால் அந்தச் சத்தம். ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் கை வைக்கிறார்கள். கோலாலம்பூரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரு கார் அப்படி நிற்கிறது.

கேஸ்கட் வைக்க மறப்பது, இன்ஜெக்டர் பிளக்கை மாற்றிக் குத்துவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் ஸ்டார்ட்டிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

எத்தனை குதிரை ஏறும்?

கேம் கம்பெனி கொடுத்த ஸ்டாக் என்றால் பெரிதாக ஒன்றும் ஏறாது. சத்தம் மட்டும் ஏறும்.

சமன் செய்யாமல் டைனோவில் ஏற்றுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிற தவறு இது.

நான்கு பட்டர்ஃபிளையும், அதாவது த்ராட்டிலுக்குள் திரும்பும் தகடுகளும், ஐடலில் (கால் எடுத்த நிலையில்) ஒரே அளவு காற்றை விட வேண்டும். அந்த நிலையில் பட்டர்ஃபிளைக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. ஒன்றில் அது கொஞ்சம் கூடினாலே அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடப் பெரிய மூச்சு இழுக்கும். முழுசாக மிதிக்கும்போது இந்த வித்தியாசம் கரைந்துவிடும். அதனால்தான் டைனோவில், ரோலரில் ஓடவிட்டுப் பவர் அளக்கும் மெஷினில், உச்ச பவர் அழகாக வருகிறது, பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கார் ஓடுவதோ ஜாலான் கூச்சிங்கில், மாலை நெரிசலில். அங்கே பெடல் பாதிக்கு மேல் போவதே அபூர்வம்.

காஜாங்கிலிருந்து ஒரு தம்பி வந்தான். ஜிடிஐ, 4ஜி93 இன்ஜின், 45 மில்லிமீட்டர் பாடி, நல்ல கேம். ஐடல் 1,000க்கும் 1,800க்கும் நடுவே ஏறி இறங்குகிறது, டிராஃபிக் லைட்டில் நின்றால் செத்துவிடுகிறது.

"டியூனர் சரியில்லண்ணே. ரெண்டு தடவை காசு கட்டிட்டேன், இன்னும் அப்படியேதான் இருக்கு."

லேப்டாப்பைத் திறக்கப் போனான். "அதை மூடு தம்பி, இன்ஜினை முதல்ல சூடாக்கு" என்றேன். விசிறி ஓடும்வரை காத்திருந்து, காற்றோட்டத்தை அளக்கும் சிங்க்ரோமீட்டரை ஒவ்வொரு ஊதுகுழலிலும் வைத்துப் பார்த்தால், முதல் இரண்டும் மணிக்கு 6 கிலோ காற்று, பின் இரண்டும் 4. இரண்டு ஜோடியையும் இணைக்கும் ஸ்க்ரூவை யாரோ கண் அளவில் திருகி விட்டிருக்கிறார்கள். இந்த நிலையில் டியூனர் என்ன செய்வார்? அவர் பார்க்கும் வைட்பேண்ட், அதாவது புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார், எக்ஸாஸ்ட் நான்கும் சேரும் இடத்தில் இருக்கிறது. இரண்டு சிலிண்டர் லீன் (பெட்ரோல் குறைவு), இரண்டு ரிச் (பெட்ரோல் கூடுதல்), கலந்து வரும் புகையில் நம்பர் கச்சிதமாகத் தெரியும். லீனான சிலிண்டர் மிஸ் அடித்தால் எரியாத ஆக்சிஜன் வெளியே வரும். அதைப் பார்த்து ஈசியூ, இன்ஜினின் கம்ப்யூட்டர், நான்குக்கும் சேர்த்து இன்னும் பெட்ரோல் ஊற்றும். ஏற்கனவே ரிச்சாக இருந்த இரண்டின் பிளக்கும் கறுத்துவிடும்.

ஜோடி ஸ்க்ரூவைச் சரி செய்ததும் நான்கும் 5க்கு வந்தன. தம்பி முகத்தில் வெளிச்சம். ஆனால் வாக்குவம் கேஜை மாட்டினால் மூன்றாவது சிலிண்டரில் ஊசி மற்றதைவிடக் கீழே நிற்கிறது. சிங்க்ரோமீட்டர் சமம், வாக்குவம் மட்டும் குறைவு என்றால் பட்டர்ஃபிளைக்குக் கீழே எங்கோ கள்ளக்காற்று நுழைகிறது, அல்லது அந்தச் சிலிண்டரின் வால்வு கிளியரன்ஸ் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே மேனிஃபோல்டு கேஸ்கட். கையால் வெட்டிய ஓட்டை, மூன்றாவது போர்ட்டின் ஓரத்தில் காகிதம் போதவில்லை. வாக்குவம் கேஜ் மட்டும் வைத்திருப்பவர் இந்த இடத்தில் மூன்றாவது த்ராட்டிலை மூடி ஊசியைச் சமப்படுத்தி, வேலை முடிந்தது என்று நினைப்பார். ஐடலில் ஓடும். கால் வைத்ததும் மறுபடி ஆளுக்கொரு திசை.

கேஸ்கட் மாற்றி, மறுபடி சமன் செய்து, டிபிஎஸ் (த்ராட்டில் கோண சென்சார்) பூஜ்ஜியத்தை மறுபடி பதிந்தோம். அதோடு எவ்வளவு பெட்ரோல் என்று ஈசியூவுக்குச் சொல்லும் ஃபியூல் டேபிளின் கீழ்ப்பாதி முழுதும் குப்பை. அவன் காசு கட்டிய அந்த இரண்டு தடவையும் கோணலான இன்ஜினுக்கு எழுதிய கணக்கு. கோபம் அவன் மேல் இல்லை, ஒரு சிங்க்ரோமீட்டரை வைத்துப் பார்க்காமலே காரை ரோலரில் ஏற்றியவர் மேல்தான். டைனோ என்பது எடை பார்க்கும் தராசு; அதில் ஏறி நின்றால் காய்ச்சல் குணமாகுமா?

செய்யும் வரிசை இது. கம்ப்ரஷன், வால்வு கிளியரன்ஸ் முதலில். பிறகு காற்றுக் கசிவு: புகை மெஷினில் பாருங்கள், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பிரேக் கிளீனர் அடித்து விளையாடாதீர்கள். பட்டர்ஃபிளையைச் சுற்றிக் காற்று விடும் பைபாஸ் ஸ்க்ரூ எல்லாவற்றையும் மூடிவிட்டு, இன்ஜின் சூட்டில், ஜோடிக்கு ஜோடி சமன். குளிர்ந்த இன்ஜினில் செய்தால் அலுமினியமும் லிங்க்கேஜும் சூடேறி நீண்டதும் கணக்கு மாறிவிடும். ஒரே ஷாஃப்டில் இருக்கும் இரண்டுக்குள் வித்தியாசம் இருந்தால் குறைவாக இழுப்பதன் பைபாஸை மட்டும் திறந்து சமப்படுத்துங்கள். ஷாஃப்டை முறுக்க வேண்டாம். அதன் பிறகு டிபிஎஸ். அதற்கும் பிறகுதான் டைனோ. முடிந்ததும் ஸ்டாப் ஸ்க்ரூ மேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், நாளை வேறொரு போமேன், பட்டறை மெக்கானிக், கை வைத்தால் தெரியும்.

அட்டவணையில் சம இடைவெளி

45 மில்லிமீட்டரில் நான்கு என்றால், 60 மில்லிமீட்டர் ஒற்றை த்ராட்டிலைவிடப் பரப்பு 2.25 மடங்கு. அதாவது மெதுவாக ஓட்டும்போது நடக்கிற எல்லாமே பெடலின் முதல் சில டிகிரிக்குள் நடந்து முடிந்துவிடும். டேபிளில் த்ராட்டில் திறப்பை 0, 10, 20, 30 என்று சமமாகப் பிரித்து வைத்தால் கார் குதிரைபோலத் துள்ளும். கீழே 1, 2, 3, 5, 8 என்று நெருக்கமாக, மேலே தாராளமாக.

கெந்திங் ஏறினால் பெட்ரோல் நாற்றம்

வெறும் த்ராட்டில் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்துப் பெட்ரோல் ஊற்றும் ஆல்ஃபா-என் முறைக்கு, வெளியே காற்று மெலிந்திருப்பது தெரியாது. கோலாலம்பூரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல்; 1,800 மீட்டர் உயரக் கெந்திங்கில் சுமார் 82. கீழே எழுதிய டேபிளோடு மேலே போனால் தேவையைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றும். வெளிக்காற்றை அளக்கும் பாரோ சென்சார் பல ஈசியூக்களில் உள்ளேயே இருக்கிறது, திருத்தம் மட்டும் அணைந்து கிடக்கும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே ஓட்டலாம் என்றால், ஒரே சிலிண்டரில் ஹோஸ் குத்தாதீர்கள், ஊசி துடித்துக்கொண்டே இருக்கும். நான்கிலிருந்தும் மெல்லிய ஹோஸ் எடுத்து ஒரு சின்ன அறையில் சேர்த்து அங்கிருந்து சென்சாருக்குக் கொண்டு போங்கள். டொயோட்டா 1995இல் 4ஏ-ஜிஈ 20 வால்வு பிளாக் டாப்பில் கம்பெனியிலேயே ஐடிபியோடு அழுத்த சென்சாரைத்தான் வைத்தது.

பிரேக் பூஸ்டர்

அதற்கு வேண்டிய வாக்குவத்துக்கு ஒரு சிலிண்டர் போதாது. நான்கிலிருந்தும், ஒருவழி வால்வோடு.

ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது

ஊதுகுழல் தெரிய வேண்டும் என்று ஃபில்டரைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்தால் கேட்கத் தோன்றும், கட்டுமானத் தூசி பறக்காத தெரு எது நம் ஊரில்? ஸ்பாஞ்ச் உறையை ஊதுகுழல் வாயோடு ஒட்டிக் கட்டுவதும் வேண்டாம், மூச்சு முட்டும். வாய்க்கு முன்னால் இடம் விட்டு ஒரு பெட்டி கட்டி, ரேடியேட்டர் சூடு படாத இடத்திலிருந்து காற்றைக் கொண்டு வாருங்கள். காற்று வெப்ப சென்சாரையும் அந்தப் பெட்டிக்குள் வையுங்கள், மேனிஃபோல்டில் அல்ல. நம் ஊர் வெயிலில் பானெட்டுக்குள் வேகும் உலோகத்தின் சூட்டைக் காற்றின் சூடு என்று ஈசியூ நம்பினால், பெட்ரோலைக் குறைத்துவிடும்.

பட்டர்ஃபிளை ஸ்க்ரூ

லாக்டைட் போடுங்கள். கழன்றால் நேராகச் சிலிண்டருக்குள்தான் விழும்.

திரும்பும் ஸ்பிரிங்

இரண்டு.