வீட்டில் மார்ஃபின் கொடுப்பது: பராமரிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

அம்மாவை எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டிலேயே வைத்துக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன். அந்திமகாலப் பராமரிப்புத் தாதி வந்து போனபின், கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்தின் அடுத்த வேளை நம் பொறுப்புதான். எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. அளவு

நான் தடுமாறிய இடம் இதுதான். தாதி மில்லிகிராமில் சொல்வார், கையில் இருக்கும் சிரிஞ்சில் மில்லிலிட்டர் கோடுகள்தான் இருக்கும். போத்தல் லேபிளில் 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றிருந்தால், 5 மில்லிகிராமுக்கு 5 மில்லிலிட்டர். அதுவே 1 மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லிலிட்டர்தான். புதுப் போத்தல் வரும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் போன் செய்து கேட்டபிறகே கொடுங்கள். பணிப்பெண் கொடுப்பதாக இருந்தால், எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று சிரிஞ்சிலேயே மார்க்கரால் குறித்துவிடுங்கள். கரண்டி வேண்டவே வேண்டாம், ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சுதான் சரி.

2. நேரம்

சாதாரண மார்ஃபின் திரவம் சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். அதனால் வலிக்கட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வலி வந்தால் கொடுக்க மருத்துவர் தனியாக ஒரு அளவு சொல்லியிருப்பார். அதைக் கொடுத்த நேரத்தையும், அரை மணி கழித்து வலி 10க்கு எவ்வளவு என்பதையும் எழுதி வையுங்கள். செயலியைவிட, குளிர்பதனப்பெட்டிக் கதவில் தொங்கும் நோட்டுதான் எனக்குப் பிடிக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூடுதல் வேளைகள் அதிகமாகிவிட்டால், வழக்கமான அளவை மாற்ற வேண்டியிருக்கிறது என்பது தாதிக்கு அந்த நோட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

“மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்களே” என்று பெரியம்மா, சித்தப்பா எல்லாரும் சொல்வார்கள். வலிக்கு ஏற்ப மருத்துவர் படிப்படியாகக் கூட்டும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. அந்தப் பயத்துக்காக ஒருவரை வலியில் கிடக்க விடாதீர்கள்.

3. மலச்சிக்கல்

மார்ஃபினால் வரும் தூக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் குறைந்துவிடும். மலச்சிக்கல் தானாகப் போகாது. மார்ஃபின் ஆரம்பித்த அன்றே மலமிளக்கியும் வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

4. மூச்சுத்திணறல்

தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார வைத்து, சிறு கைவிசிறியின் காற்று முகத்தில் படும்படி பிடியுங்கள். பலருக்கு இது உடனே ஆறுதல் தரும்.

எழுப்பியும் விழிக்காவிட்டாலும், மூச்சு மிகவும் மெதுவானாலும், கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே பராமரிப்புக் குழுவைக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: விழுங்க முடியாதபோது மாத்திரையைப் பொடித்துத் தரலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மருந்தை மெதுவாக விடும் 12 மணி நேர மார்ஃபின் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற வலிமருந்துப் பட்டை பற்றியும் கேள்விகள் வந்தன. வழக்கமாக 72 மணிக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், கோடரித் தைலம் தேய்த்துச் சூடு பறக்க விடாதீர்கள், சூட்டில் மருந்து வேகமாக உடம்பில் ஏறும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துத் தாதியிடம் கொடுத்துவிடுங்கள்.