பிறருடைய லினக்ஸ் சிக்கலைத் தீர்த்துவைக்கப் பழகுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பிறருடைய கணினிக் கோளாற்றைச் சரிசெய்து உதவ விரும்புபவர் முதலில் பழக வேண்டியது பதிவுகளை, அதாவது கணினி தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாக்குகளை, படிப்பதுதான். டெர்மினலில் சூடோவுடன் கட்டளை இட உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்துவைத்து, அதை வேண்டுமென்றே கெடுங்கள். இதற்கு, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் வர்ட்-மேனேஜர் என்ற நிரலையே நான் பரிந்துரைப்பேன். தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுப்பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், உண்மையில் கணினியில் இல்லாத வட்டுப்பகுதி ஒன்றை, நோஃபெயில் விருப்பம் (இணைக்க முடியாவிட்டாலும் தொடரச் சொல்வது) இல்லாமல், சேர்த்து மறுதொடக்கம் செய்தால், கணினியைத் தொடக்கி சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி காத்திருந்துவிட்டு, பழுதுபார்ப்பதற்கான அவசரநிலைக்குள் போகும். ரூட் (தலைமை நிர்வாகி) கணக்குக்கு முன்பே கடவுச்சொல் வைத்திருங்கள். சில லினக்ஸ் வழங்கல்களில் (டிஸ்ட்ரோக்களில்) அது இல்லாவிட்டால் அங்கே உள்ளே நுழையவே முடியாது.

படி 2: "வைஃபை வேலை செய்யவில்லை" என்பது பயனரின் முடிவு மட்டுமே. பிழைச்செய்தியின் சரியான சொற்கள், வழங்கலின் பதிப்பு, கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிப்பு, கடைசியாக மாற்றியது என்ன ஆகியவற்றைக் கேளுங்கள். திரையின் படத்தைவிட உரையாக வாங்குவதே நல்லது. அதில்தான் தேட முடியும்.

படி 3: பலரும் இடறும் இடம் இதுதான். கணினி உறைந்துபோனதும் பயனர் அதை மறுதொடக்கம் செய்துவிட்டு, இப்போதைய இயக்கத்தின் (கணினி தொடங்கியது முதல் அணைவது வரையிலான காலத்தின்) பதிவை அனுப்புவார். உறைந்ததற்கான தடயம் முந்தைய இயக்கத்தின் பதிவில் இருக்கும். ஆகவே 'ஜர்னல்சிடிஎல் --பூட்=-1 --பிரையாரிட்டி=3' என்ற கட்டளையை இடச் சொல்லுங்கள்; இது பதிவைக் காட்டும் கட்டளை, -1 என்பது முந்தைய இயக்கம். முன்னுரிமை எண்கள் 0 (மிகக் கடுமையானது) முதல் 7 வரை உள்ளன. 3 என்றால் பிழைகளும் அவற்றைவிடக் கடுமையானவையும் மட்டும் வரும். அவற்றில் முதலில் தோன்றியதன் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வடிகட்டாத பதிவில் அந்த நேரத்துக்குச் சற்று முந்தைய வரிகளைப் படியுங்கள். கடைசிப் பிழை பெரும்பாலும் விளைவாகவே இருக்கும். காரணமோ வெறும் எச்சரிக்கையாக அதற்கு முன்பே பதிவாகியிருக்கலாம்.

பின்சேர்க்கை: முந்தைய இயக்கத்தின் பதிவே இல்லை என்று சிலருக்கு வருகிறது. பதிவு நினைவகத்தில் மட்டும் சேமிக்கப்பட்டு, கணினி அணையும்போது அழிந்துவிடுவதே காரணம். பதிவைச் சேமிக்கும் சேவையான ஜர்னல்டியின் அமைப்புக் கோப்பில் 'ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டென்ட்' என்று எழுதி அச்சேவையை மறுதொடக்கம் செய்தால், அடுத்த முறையிலிருந்து பதிவு வட்டில் தங்கும். அழிந்துபோனதை மீட்க வழியில்லை. சிக்கல் மீண்டும் எழும்வரை காத்திருக்க வேண்டும் என்பதைப் பயனரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

படி 4: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் சொல்லுங்கள்; அதைத் திரும்பப்பெறும் வழியையும் உடன் எழுதுங்கள். எஃப்எஸ்டேப்பைத் திருத்தச் சொல்வதானால், முதலில் நகல் எடுக்கவும், திருத்தியபின், அக்கோப்பில் பிழை உள்ளதா எனப் பார்க்கும் 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' கட்டளையைக் கொண்டு சோதிக்கவும் சொல்லி, அதன் விடையைப் பார்த்த பிறகே மறுதொடக்கம் செய்யச் சொல்லுங்கள்.