லினக்ஸ் போட்டாச்சு, வைஃபை எங்கே?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆபீஸில் கழித்துக் கொடுத்தது, அக்கா யுனிவர்சிட்டியில் வைத்திருந்தது, ஈப்போவில் செக்கன்ட் ஹேண்டாக வாங்கியது என்று பலவகை. பெரும்பாலானவற்றில் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்தான் இருக்கும்; விண்டோஸ் 11 அவற்றை முறைப்படி ஏற்காது. ஆனால் எஸ்பிஎம் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை டெலிமா கற்றல் தளத்தைத் திறக்கவும் கட்டுரை தட்டவும் அந்த மெஷின் தாராளமாகப் போதும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நான் போட்டுக்கொடுக்கிறேன்.

சிலர் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அங்கிருந்துதான் எனக்கு வாட்ஸ்அப் வரும்: "அண்ணே, எல்லாம் ஓடுது. வைஃபை மட்டும் காணோம்ணே." அடுத்த வரியிலேயே, "திரும்பவும் ஃபார்மட் பண்ணட்டுமா?"

வேண்டாம். டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள். அதே பென்டிரைவிலிருந்து திரும்பப் போட்டால் அதே டிரைவர்தான் வரும், அதே டிரைவர்தான் வராது. யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்கவும் ஓடாதீர்கள். முதலில் உள்ளே இருக்கும் வைஃபை கார்டு எது என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பென்டிரைவ் தயாரிப்பது, பூட் மெனுவுக்குப் போவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளைச் சன்னலில் தட்டும்போது எல்லாம் சிறிய ஆங்கில எழுத்து.

முதல் வேலை: ஹேண்ட்போனிலிருந்து நெட் எடுப்பது

டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பது ஒரு யூஎஸ்பி கேபிள். ஆண்ட்ராய்டு போனை லேப்டாப்பில் செருகி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் பக்கத்துக்குப் போய் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதைத் திறந்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் மின்ட் "வயர்டு கனெக்ஷன்" என்று சொல்லும். இதற்கு வேண்டிய டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, எதையும் போட வேண்டியதில்லை.

அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் அழுத்தவே வராமல் இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் மலிவான கேபிள்கள் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா கம்பி உள்ளே இருக்காது. நீளமும் முக்கியம். தோட்டத்து வீடுகளில் ஜன்னலோரத்தில் வைத்தால்தான் போனுக்கு லைன் கிடைக்கும். அரை முழக் கேபிளை வைத்துக்கொண்டு ஜன்னல் விளிம்பில் லேப்டாப்பைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

போன் ஏற்கெனவே வீட்டு வைஃபையில் இருந்தால் டெதரிங் வழியாக அந்த வைஃபைதான் லேப்டாப்புக்குப் போகும், உங்கள் டேட்டா செலவாகாது. பிரிபெய்ட் டேட்டாவில் செய்கிறவர்கள் அப்டேட் மேனேஜர் கூப்பிட்டாலும் கண்டுகொள்ளாதீர்கள். டிரைவர் முதலில், அப்டேட் அப்புறம்.

கார்டின் நம்பரைப் படிப்பது

இந்த வேலையை, மின்ட் இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே, பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் நிலையிலேயே செய்யலாம். அப்படித்தான் செய்யவும் வேண்டும். டெர்மினலைத் திறந்து 'இன்க்ஸி' (ஐ, என், எக்ஸ், ஐ), ஓர் இடைவெளி, கழித்தல் குறி, இடைவெளி விடாமல் 'என்எக்ஸ்எக்ஸ்' என்று தட்டுங்கள். இங்கே மட்டும் 'என்' பெரிய எழுத்து. நெட்வொர்க் கார்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் இரண்டே விஷயத்தைப் பாருங்கள்: 'டிரைவர்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, 'சிப் ஐடி' என்ற இடத்தில் என்ன நம்பர்.

சிப் ஐடியில் முதல் நான்கு இலக்கம் கம்பெனியைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்த அவர்களுடைய பழைய பிராசசரின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக். பின்னால் வருவது மாடல்.

வைஃபை கார்டு பட்டியலிலேயே இல்லை, பட்டியலில் உண்டு ஆனால் டிரைவர் இல்லை, டிரைவரும் உண்டு ஆனால் வேலை செய்யவில்லை: இந்த மூன்றில் ஒன்றுதான் உங்கள் நிலைமை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. அதைப் பார்க்காமல் கிடைத்த கட்டளையை எல்லாம் ஒட்டிக்கொண்டே போனால் ராத்திரி முழுக்கப் போய்விடும்.

டிரைவர் இருக்கிறது, வைஃபை இல்லை

சின்ன விஷயம். 'ஆர்எஃப்கில்' (ஆர், எஃப், கே, ஐ, எல், எல்) என்று தட்டினால் 'சாஃப்ட்', 'ஹார்டு' என்று இரண்டு பத்தி காட்டும். சாஃப்ட் பக்கம் 'பிளாக்ட்' என்றிருந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போதும். ஹார்டு பக்கம் இருந்தால் எந்தக் கட்டளையும் உதவாது. பழைய லேப்டாப்பில் பக்கவாட்டில் ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும், அதைத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் விமானப் படம் போட்ட விசையை அழுத்திப் பாருங்கள்.

பட்டியலிலேயே இல்லை

லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்தபின் கார்டு திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

விண்டோஸும் பக்கத்தில் இருக்கிறதா? அதில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தாலும் அது பாதி தூக்கத்தில்தான் போகும். கார்டை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போனதோ அதே நிலையில் லினக்ஸுக்குக் கிடைக்கும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்துப் பாருங்கள். சரியானால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஒரேயடியாக நிறுத்திவிடுங்கள். இதற்கும் அசையவில்லை என்றால், லேப்டாப் எழும்போதே திறக்கும் அமைப்புப் பக்கமான பயோஸில் 'வயர்லெஸ்' அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவர்தான். கார்டு சாக்கெட்டில் தளர்ந்து கிடக்கும்.

கார்டு இருக்கிறது, டிரைவர் இல்லை

வருகிறவர்களில் அதிகம் பேர் இந்த ரகம். அதிலும் பிராட்காம். இன்டெல் கார்டுக்கு மின்ட்டில் நான் கை வைக்கவே வேண்டியிருந்ததில்லை. அதனாலேயே பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களிடம் இன்டெல் வைஃபையா என்று கேட்டு வாங்கச் சொல்வேன்.

14இ4:4365 என்று வந்தால் அது பிராட்காம் 43142. மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, பிராட்காம் வரியைத் தேர்ந்து, 'அப்ளை' கொடுங்கள். போனில் நெட் இல்லாவிட்டாலும் வழி உண்டு: இன்ஸ்டால் செய்த பென்டிரைவைச் செருகச் சொல்லி அதுவே கேட்கும், டிரைவர் அதற்குள் இருக்கிறது. ஆனால் வென்டாய் (பல ஐஎஸ்ஓ இன்ஸ்டால் கோப்புகளை ஒரே பென்டிரைவில் வைக்கும் கருவி) போட்ட பென்டிரைவை நம்பாதீர்கள். அதில் ஐஎஸ்ஓ ஒரு கோப்பாகச் சுருண்டு கிடக்கும், டிரைவர் மேனேஜருக்கு அதன் உள்ளே இருப்பது தெரியாது. வென்டாய் எனக்குப் பிடித்த கருவிதான். இருந்தாலும் இதற்காகவே, ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் நேராக எழுதும் எட்சரில் எழுதிய மின்ட் பென்டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். என்னை அதிகம் சுற்றவிட்டது இந்த இடம்.

லேப்டாப்பில் செக்யூர் பூட் இயங்கினால், கையொப்பம் இல்லாத டிரைவரை கெர்னல் உள்ளே விடாது. பிராட்காம் டிரைவர் உங்கள் மெஷினிலேயே கட்டப்படுவது, அதற்கு உங்கள் மெஷினே ஒரு சாவி உண்டாக்கிக் கையொப்பம் போடும். அந்தச் சாவியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி பயோஸ் பக்கம் சொல்லியாக வேண்டும். அதற்காக டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், குறைந்தது எட்டு எழுத்து. இது உங்கள் லாகின் பாஸ்வேர்டு இல்லை. அடுத்த ஒரு ரீஸ்டார்ட்டுக்கு மட்டும் பயன்படுவது. ஏதாவது எளிதாகப் போட்டு, ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

ரீஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலத் திரை வரும். மேலே 'பெர்ஃபார்ம் மோக் மேனேஜ்மென்ட்' (மோக் என்பது அந்தச் சாவிதான்), கீழே பத்திலிருந்து இறங்கும் எண். அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்ட வேண்டும். ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கலக்கப் போனால் அவ்வளவுதான்: திரை தானாக மறையும், மின்ட் வழக்கம்போல் வரும், டிரைவர் மேனேஜர் "டிரைவர் உபயோகத்தில் உள்ளது" என்று கூசாமல் சொல்லும், வைஃபை மட்டும் இருக்காது. எந்தத் தவறுச் செய்தியும் வராது. அதனால்தான் இது ஆளைக் குழப்புகிறது.

தட்டிவிட்டீர்களா? சரி. அங்கே மவுஸ் வேலை செய்யாது, அம்பு விசைதான். 'எண்ரோல் மோக்', அப்புறம் 'கண்டினியூ', அப்புறம் 'யெஸ்', பிறகு அந்தத் தாளில் எழுதிய பாஸ்வேர்டு. தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, புள்ளிகூட வராது. நம்பித் தட்டி என்டர் கொடுங்கள். கடைசியில் 'ரீபூட்'. முதல் வரியில் இருக்கும் 'கண்டினியூ பூட்' என்பதைத் தொட்டுவிடாதீர்கள். அது சாவியைச் சேர்க்காமலே வெளியே விட்டுவிடும்.

நீலத் திரை தப்பிப்போனால்? லினக்ஸ் மட்டும் இருக்கும் பழைய மெஷின் என்றால் என் கருத்து நேரானது: பயோஸுக்குப் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. வீட்டுப்பாடம் எழுதும் லேப்டாப்புக்கு இந்த மல்லுக்கட்டு தேவையில்லை. விண்டோஸும் இருந்து, அதில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் மட்டும் பொறுங்கள். செக்யூர் பூட்டைத் தொட்டால் மீட்புச் சாவி கேட்கலாம். அதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ரியல்டெக் கார்டுகளுக்குப் பெரும்பாலும் டிரைவர் போடுவதைவிடப் புதிய கெர்னல் எடுப்பதே நல்லது. 8852பிஇ சிப்புக்கான டிரைவர் கெர்னல் 6.2-இல்தான் உள்ளே வந்தது. மின்ட் 21 கிளம்பியபோது அதில் இருந்தது 5.15, மின்ட் 22-இல் 6.8. ஆக, மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய பென்டிரைவை வைத்துக்கொண்டு அந்த லேப்டாப்போடு போராடுவது வீண். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் போடுகிறவர்களுக்கும் இதே பேச்சு: 2023-இல் வந்த டெபியன் 12 முதல்தான் வைஃபை ஃபர்ம்வேர் (டிரைவரோடு கார்டுக்கு வேண்டிய மென்பொருள்) அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே சேர்ந்து வருகிறது. அதற்கு முந்தையதில் ஃபர்ம்வேர் கோப்பு எங்கே என்று இன்ஸ்டாலர் நடுவில் நின்று கேட்கும்.

பின்சேர்க்கை

மேலே உள்ளதைப் போட்டபின் கருத்துப் பெட்டியில் வந்தவை.

டாங்கிள் செருகினால் வைஃபைக்குப் பதிலாக சிடி டிரைவ் வருகிறது என்று கோலகங்சாரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். பழுது இல்லை. சில டாங்கிள்கள் விண்டோஸ் டிரைவரைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு முதலில் சிடி வேடம் போடும். ஃபைல் மேனேஜரில் அந்த சிடியின் பக்கத்தில் இருக்கும் 'எஜெக்ட்' அம்பை அழுத்துங்கள். வேடம் கலைந்து வைஃபை கார்டாக மாறும். டாங்கிள் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் மீடியாடெக் எம்டி7601யூ சிப் உள்ளதைத் தேடுங்கள். டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், வேகம் சுமார்தான். ஆனால் முன்கட்டில் ரூட்டரும் பின்கட்டில் படிக்கும் பிள்ளையும் இருக்கும் வீட்டில், சுவர் தாண்டிப் போவதற்கு அந்த 2.4 தான் கைகொடுக்கும்.

உள் கார்டையே மாற்றலாமா என்று இரண்டு மூன்று பேர். மாற்றலாம், ஆனால் இன்டெல் ஏஎக்ஸ்201 என்று இருப்பதை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். பார்க்க ஏஎக்ஸ்200 மாதிரியே இருக்கும். ஆனால் 201-இன் பாதி மூளை இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது, அதற்கென்று அமைந்த போர்டில்தான் ஓடும். 200 எம்.2 சாக்கெட்டில் சாதாரணமாக ஓடும். பழைய திங்க்பேட் லேப்டாப் சிலவற்றில் இன்னொரு தடை: தெரியாத கார்டைச் செருகினால் '1802' என்ற எண்ணைக் காட்டி அங்கேயே நின்றுவிடும். வாங்குவதற்கு முன் உங்கள் மாடல் அப்படிப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11 போடும்போது நெட்வொர்க்கில் இணையச் சொல்லும் பக்கத்தில் மாட்டிக்கொண்ட அண்ணனுக்கு: அங்கேயும் முதலில் போன் டெதரிங்கைப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால், 24எச்2 பதிப்பில் அந்தப் பக்கத்திலேயே 'இன்ஸ்டால் டிரைவர்' பொத்தான் இருக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் வைஃபை டிரைவரை இறக்கி, பென்டிரைவில் போட்டு அங்கே காட்டுங்கள். இறக்கிய இஎக்ஸ்இ கோப்பை அப்படியே வைத்தால் ஏற்காது. அதைப் பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு இருக்கும் ஃபோல்டரையே காட்ட வேண்டும்.